ஆறு மாடுகளும் ஒன்பது ஆசிரியர்களும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி நிற்கும் மேன்மை கலை அறிவியல் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில், ஒரு திங்கட்கிழமை காலை சுற்றறிக்கை ஒன்று ஒட்டப்பட்டது. முதுகலை பயிலும் மாணவ மாணவியர் ஒவ்வொருவரும் படிப்பை முடிப்பதற்குள் பன்னாட்டு இதழ் ஒன்றில் ஆய்வுக் கட்டுரை பிரசுரித்தாக வேண்டும். தவறுவோருக்குத் தேர்வு நுழைவுச் சீட்டு வழங்கப்பட மாட்டாது. இம்முடிவு மாணவர் நலன் கருதி எடுக்கப்பட்டது.

மாணவர் நலன் கருதி அந்தக் கல்லூரி எடுத்த முடிவுகளில் இது மூன்றாவது. முதலாவது, கேண்டீனை மூடியது. இரண்டாவது, புத்தகங்கள் கிழிந்துவிடக் கூடாது என்று லைப்ரரியைப் பூட்டி வைத்தது.

காரணம் இல்லாமல் இல்லை. போன முறை தரம் பார்க்க வந்த குழு, வளாகத்தில் பசுமை குறைவு என்று எழுதிவிட்டுப் போயிருந்தது. மறுவாரமே லாரியில் தொட்டிச் செடிகள் வந்து இறங்கின. அடுத்த குழு, கட்டுரைகள் குறைவு என்று எழுதிவிடக் கூடாதல்லவா. லாரியில் கட்டுரை வராது என்பதால் மாணவர்களிடம் கேட்டார்கள்.

சுற்றறிக்கையை எல்லோரும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசி வரி வரைக்கும் நின்று படித்தவள் இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவி ஷெரின் ஒருத்திதான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கும் ஜேசுதாசனின் மகள். பள்ளிக்கூடத்திலிருந்தே கேள்வித்தாளில் உள்ள குறிப்புகளைக்கூட விடாமல் படிக்கிற பழக்கம் அவளுக்கு. அந்தப் பழக்கத்தினால் அவள் ஒரு தவறான முடிவுக்கு வந்தாள். ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டுமானால் முதலில் ஆய்வு செய்ய வேண்டும் என்று நினைத்துவிட்டாள். இந்தக் கதையில் வரும் கோளாறுகள் அனைத்துக்கும் ஆரம்பம் அதுதான்.

அந்தச் சமயம் ஊரெல்லாம் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. மாட்டுக்குப் பாட்டுப் போட்டால் பால் கூடுகிறது என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர், மாட்டுத் தொழுவத்தில் புல்லாங்குழல் ஊதிக் காட்டினார். ஜேசுதாசன் அதைச் சர்ச் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மூன்று பேர் அதையே அவருக்குத் திருப்பி அனுப்பினார்கள். துறைத் தலைவர் டாக்டர் நவநீதகிருஷ்ணன் வகுப்பிலேயே அதைப் போட்டுக் காட்டி, "நம்ம முன்னோர்கள் இதெல்லாம் எப்பவோ செஞ்சிட்டாங்க" என்றார். முன்னோர்கள் ஏன் செய்தார்கள், செய்து எவ்வளவு கறந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஷெரினுக்கு மட்டும், சரி, பார்த்துவிடலாமே என்று தோன்றியது.

வன்னியம்பட்டியில் வேலுத்தாய் என்று ஒரு பெண்மணி. அவள் புருஷன் ஜேசுதாசனோடு மில்லில் ஒன்றாக வேலை பார்த்தவர். ஷெரின் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அங்கே கறவையில் ஆறு மாடுகள் நின்றன.

"என்னத்தட்டி போடப் போற?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"புல்லாங்குழல், அத்தை. மூணு மாட்டுக்குப் போடுவோம், மூணுக்குப் போடாம இருப்போம். ஒரு மாசம் கழிச்சு மாத்திக்கிடுவோம். பால மட்டும் தனித்தனியா அளக்கணும்."

"எனக்குப் போட்டாலாவது உக்காந்து கேப்பேன். மாட்டுக்குப் போட்டு என்ன செய்ய. சரி, போடு. பூசாம மொழுகாம கெடக்க தொழுவம், போட்டோவுல வராமப் பாத்துக்க."

இரண்டு மாதம் ஷெரின் தினமும் முதல் பஸ்ஸில் வன்னியம்பட்டிக்குப் போனாள். ஸ்பீக்கரைக் கட்டினாள், பாட்டைப் போட்டாள், பாலை அளந்தாள், பிறகு கல்லூரிக்கு ஓடினாள். தலையில் வைக்கோல் துரும்போடு வகுப்பில் உட்கார்ந்தாள். ஒருநாள் செவலைப் பசு ஸ்பீக்கர் வயரைக் கடித்துத் துப்பியது. மற்றபடி மாடுகள் பாட்டை ரசித்ததாகவும் தெரியவில்லை, வெறுத்ததாகவும் தெரியவில்லை. இரண்டு மாத முடிவில் கூட்டிக் கழித்துப் பார்த்தால், பாட்டுக் கேட்ட மாடும் கேட்காத மாடும் ஒரே அளவில்தான் கறந்திருந்தன.

இதை அப்படியே மூன்று பக்கத்தில் எழுதினாள். 'மாடுகளுக்குப் பாட்டுப் போட்டோம். பால் கூடவில்லை, குறையவும் இல்லை' என்று ஆரம்பித்தது அது. கட்டுரை இங்கிலீஷில்தான் இருந்தது. பட்டவர்கள் பட்டது போதும் என்பதால் இங்கே தமிழில் சொல்லப்படுகிறது.

நவநீதகிருஷ்ணன் மூன்று பக்கத்தையும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஷெரின், இது கட்டுரை இல்லம்மா."

"என்ன சார் தப்பு?"

"படிச்ச உடனே புரியுது."

அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நல்ல மனிதர்தான். மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு.

"இங்க பாரு. 'பாலைக் கறந்தோம்'னு எழுதியிருக்க. அப்படி எழுதக் கூடாது. 'பால் கறக்கப்பட்டது'."

"யாரால சார்?"

"அறிவியல்ல யாரும் எதையும் செய்றதில்ல. எல்லாம் செய்யப்படும். நாளைக்கு ஏதாவது தப்புன்னு வந்தா, அதுவும் செய்யப்பட்டிருக்கும். ஒருத்தரும் மாட்ட மாட்டோம்."

"சரி சார்."

"அப்புறம் மாடுன்னு எழுதாத. 'பாலூட்டும் பருவத்திலுள்ள இரட்டைக் குளம்புடைய வளர்ப்பு உயிரி'. பாட்டுன்னு எழுதாத. 'ஒழுங்கமைக்கப்பட்ட செவிவழித் தூண்டல்'."

"செவலை வயரைக் கடிச்சது சார்?"

அவர் சிறிது யோசித்தார். "'மாதிரிகளுள் ஒன்று, கருவியுடன் வாய்வழித் தொடர்பை ஏற்படுத்திக்கொண்டது'ன்னு போடு. அது நல்ல பாயிண்ட். விட்டுறாத."

அந்த வாரமே கல்லூரியில் 'ஆய்வுக் கட்டுரை எழுதும் கலை' என்ற தலைப்பில் ஒரு நாள் தேசியப் பயிலரங்கம் நடத்தப்பட்டது. கேரளாவிலிருந்து ஒருவர் வந்திருந்ததால் அது தேசியப் பயிலரங்கம். குத்துவிளக்கு ஏற்றப்பட்டது, பொன்னாடைகள் போர்த்தப்பட்டன, வரவேற்றவரை ஒருவர் வரவேற்றார். சிறப்பு விருந்தினருக்குச் செங்கோட்டை ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் சான்றிதழ்களை முதலிலேயே கொடுத்துவிட்டார்கள். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு அரங்கில் நின்றவர்கள் ஷெரினும் மைக் செட்காரரும்தான். கட்டுரை எழுதும் முறை பற்றிய பகுதி நேரமின்மையால் வாழ்த்துரையுடன் இணைக்கப்பட்டது.

ஆனாலும் ஷெரின் கற்றுக்கொண்டாள். கெட்டிக்காரப் பெண். ஒரு மாதத்தில் மூன்று பக்கத்தை இருபத்திரண்டு பக்கமாக்கினாள். திரும்பப் படித்தபோது அவளுக்கே பாதி புரியவில்லை. நவநீதகிருஷ்ணன் முகம் மலர்ந்து, "இப்ப வந்திருச்சு பாத்தியா" என்றார். அவர் எழுதிய பழைய கட்டுரைகள் பதினொன்றையும் மேற்கோள் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். அவை நத்தைகளைப் பற்றியவை. "நத்தைக்கும் மாட்டுக்கும் என்ன சார்?" என்று அவள் கேட்டதற்கு, "ரெண்டுமே மெதுவாத்தான போகும்" என்றார்.

அடுத்து ஆசிரியர் பெயர்கள். முதல் பெயர் நவநீதகிருஷ்ணனுடையது. இரண்டாவது கல்லூரி முதல்வர். மூன்றாவது கல்லூரிச் செயலர் ராஜரத்தினம். கட்டடம் அவருடையதல்லவா. நான்காவது, ஜெர்மனியில் இருக்கும் ராஜரத்தினத்தின் மருமகன். அவர் மாட்டைப் பற்றி ஒன்றும் அறியாதவர் என்றாலும், அவர் பெயரால் ஆய்வு 'பன்னாட்டுக் கூட்டு ஆய்வு' ஆகிவிடும். பாட்டு என்பது ஒலி, ஆகவே இயற்பியல் துறைத் தலைவர். பால் என்பது திரவம், ஆகவே வேதியியல் துறைத் தலைவர். துணை முதல்வர், தன்னை விட்டுவிட்டதாக வருத்தப்பட்டார் என்று கேள்விப்பட்டதால் துணை முதல்வர். எட்டாவது, அதே துறையில் பிஎச்.டி. செய்யும் வினோத். கம்ப்யூட்டர் வேலைகள் தெரிந்தவன். ஒன்பதாவது ஷெரின். மெயிலுக்குப் பதில் எழுத ஆள் வேண்டும் என்பதால் தொடர்புக்கு அவள் பெயரைப் போட்டார்கள்; அதனாலேயே பின்னால் வெளியில் அது 'ஷெரின் முதலானோர்' கட்டுரை ஆயிற்று.

ஆசிரியர்களின் எண்ணிக்கை மாடுகளின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது.

"சார், பால் கறந்து அளந்து குடுத்தது வேலுத்தாய் அத்தைதான். அவங்க பேரு?" என்று ஷெரின் தயங்கிக் கேட்டாள்.

"அவங்களுக்கு மெயில் ஐடி இருக்கா?"

"இல்ல சார்."

"ஐடி இல்லாதவங்களை எப்படிம்மா ஆசிரியராப் போட முடியும். நன்றியுரையில போட்ருவோம்."

நன்றியுரையில் நிர்வாகத்துக்கும், நிர்வாகத்தின் காலஞ்சென்ற தந்தையாருக்கும், கல்லூரிப் பேருந்துக்கும் நன்றி சொன்னதில் பக்கம் நிறைந்துவிட்டது.

எல்லாம் முடிந்து வினோத் கையில் போனது. இன்னொருவர் எழுதியதைப் பார்த்து எழுதியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் ஒன்று அவனிடம் இருந்தது. அதில் போட்டதும் பக்கமெல்லாம் சிவந்துபோனது. உலகத்தில் எல்லோரும் 'செவிவழித் தூண்டல்' என்றே எழுதி வைத்திருந்தார்கள்.

"கவலப்படாத. வேற வார்த்த போட்டு மாத்திக் குடுக்க இன்னொரு சாஃப்ட்வேர் இருக்கு" என்றான் வினோத்.

"அப்ப நான் எழுதுனது?"

"அதுல ஒரு பாராவுக்கு வேற பிரச்சன. மிஷின் எழுதுனதுன்னு காட்டுது."

ஷெரின் எட்டிப் பார்த்தாள். வேலுத்தாயின் தொழுவம் எப்படி இருந்தது, மாடுகள் எந்த வரிசையில் நின்றன என்று, யார் திருத்தத்துக்கும் தப்பி நின்ற ஒரே பகுதி அது. "ஐயோ, அது நானே உக்காந்து எழுதுனது."

"தெளிவா இருக்குல்ல. மனுசங்க இம்புட்டுத் தெளிவா எழுத மாட்டாங்கன்னு அது நெனைக்குது. அதுக்கும் வழி இருக்கு. மிஷின் எழுதுனத மனுசன் எழுதுன மாதிரி மாத்துற மிஷின் ஒண்ணு வச்சிருக்கேன்."

மனிதத்தன்மை ஏற்றப்பட்டு வெளியே வந்த கட்டுரையில் கறவை மாடு 'பாலை இழந்துவரும் கால்நடைச் சீமாட்டி' ஆகியிருந்தது. பின்னணி இசை 'முதுகுப்புறச் சங்கீதம்' ஆகியிருந்தது. சிவப்பு முழுவதும் மறைந்திருந்தது. ஷெரின் பொறுமையாகப் படித்துக்கொண்டே வந்தவள், முடிவுரையில் வந்து நின்றாள். 'இரு பிரிவுகளுக்குமிடையே வேறுபாடு காணப்படவில்லை' என்று அவள் எழுதியிருந்தாள். இப்போது அங்கே, 'இரு பிரிவுகளுக்குமிடையே வேறுபாடின்மை காணப்படவில்லை' என்றிருந்தது.

"வினோத் அண்ணா, இது தலைகீழா இருக்கு."

"தொடாத. ஒரு வார்த்தைய மாத்துனாலும் மறுபடி செவந்துரும்."

அவள் நவநீதகிருஷ்ணனிடம் ஓடினாள். அவர் அந்த வரியை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "வேறுபாடின்மை காணப்படலைன்னா, வேறுபாடு காணப்பட்டிருக்கு. அட, பரவாயில்லையே. வேறுபாடு இல்லாத கட்டுரைய எந்த இதழும் வாங்காதேன்னு நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

"ஆனா சார், பால் கூடலையே."

"கூடுச்சுன்னு எங்கம்மா எழுதியிருக்கோம். கூடாம இருக்கலைன்னுதான எழுதியிருக்கு."

நுழைவுச் சீட்டு வழங்க நாள் குறித்துவிட்டார்கள். வீட்டில் ஜேசுதாசன், மகள் பெயர் அச்சில் வரப்போகிறது என்று மில் முழுக்கச் சொல்லிவிட்டார். சபையில் அவள் கட்டுரைக்காக ஜெபமும் நடந்துவிட்டது. தாயார் ஏசம்மாள், அக்கம்பக்கத்தில் யாராவது வந்தால் "எங்க ஷெரின் மாட்டுல டாக்டருக்குப் படிக்கா" என்றாள். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து ஷெரின் வெகுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பொய் என்று ஒரு வரிகூட அதில் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பத்து பேர் படிப்பார்களா, அதில் ஒருவருக்காவது புரியுமா. யாருக்கும் புரியாததால் யாருக்கும் கெடுதல் இல்லை. மறுநாள் காலை, அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

'அகில உலக அனைத்துத்துறை அறிவியல் இதழ்', டீ குடித்துவிட்டு வருவதற்குள் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. மதிப்பாய்வாளர் ஒருவர், 'மிக அருமை. இன்னும் கொஞ்சம் அறிவியல் சேர்த்திருக்கலாம்' என்று கருத்துத் தெரிவித்திருந்தார். கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ஒன்பது படங்களில் எட்டு பெரிதாக வந்ததால், ஷெரின் படம் ஃபிளெக்ஸைக் கட்டிய கம்புக்குப் பின்னால் போய்விட்டது. அவளுக்கு நுழைவுச் சீட்டு கிடைத்தது. பரீட்சை எழுதினாள், நல்ல மார்க்கில் தேறினாள். கதை இத்தோடு முடிந்திருந்தால் சுபம்.

ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் 'வட்டாரப் பால் வளர்ச்சி இணையம்' என்று, சுற்று வட்டார ஊர்களில் பால் கொள்முதல் செய்யும் ஓர் அலுவலகம் இருந்தது. அதற்கு லிங்கேஸ்வரன் என்று ஓர் அதிகாரி. ஆண்டு முடிவதற்குள் 'அறிவியல் அடிப்படையிலான புதுமைத் திட்டம்' ஒன்றைச் செயல்படுத்திக் காட்டும்படி மேலிடம் அவருக்கு எழுதியிருந்தது. புதுமை என்று அவர் இன்டர்நெட்டில் தேடியதில், தன் வட்டாரத்து மாடுகளைப் பற்றிய பன்னாட்டு ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. அதை அவர் முழுவதும் படித்தாரா என்பதற்குச் சான்று இல்லை. தலைப்பைப் படித்தார், ஜெர்மனி என்று இருந்ததைப் படித்தார், முடிவுரையில் 'வேறுபாடு' என்ற சொல்லைப் படித்தார்.

மறுவாரம் சுற்றறிக்கை போயிற்று. உறுப்பினர்களின் மாடுகள் யாவும் கறவைக்கு முன் அரை மணி நேரம் இசை கேட்டிருத்தல் வேண்டும். இசை கேட்டமைக்கான சான்று, தகுதிபெற்ற இசைக் கலைஞர் ஒருவரின் கையொப்பத்துடன் பாலோடு சேர்த்துச் சமர்ப்பிக்கப்பட வேண்டும். சான்று இல்லாத பால் 'இசையற்ற பால்' என வகைப்படுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்படும்.

ஒரு வாரத்தில் வேலுத்தாய் போன் செய்தாள்.

"ஏட்டி ஷெரினு, பால வாங்க மாட்டேங்கான். இசையில்லாத பாலாம். என்ன கொடுமட்டி இது. கேட்டா, யாரோ ஷெரின்னு ஒரு அம்மா கண்டுபிடிச்சிருக்காங்கன்னு சொல்லுதான். நம்ம ஷெரினான்னு கேட்டேன். ஜெர்மனின்னான். அப்ப நம்ம பிள்ள இல்லன்னு வந்துட்டேன்."

"நான்தான் அத்தை" என்றாள் ஷெரின்.

"நீயா. நீ ஏட்டி ஜெர்மனிக்குப் போன?"

வன்னியம்பட்டியில் தகுதிபெற்ற இசைக் கலைஞர் என்றால் நாதஸ்வரக்காரர் ஐயாதுரை ஒருவர்தான். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் சும்மா இருந்தவருக்கு, இப்போது விடிந்தால் வாசலில் கேனும் கையுமாகக் கூட்டம். முதல் சில நாள் தொழுவம் தொழுவமாகப் போய் ஊதினார். பிறகு, 'நான் ஊதுனது காத்துல எல்லா மாட்டுக்கும் கேட்டுருக்கும்' என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கையெழுத்துப் போட ஆரம்பித்தார். வேலுத்தாய்க்கும் அவருக்கும் வேலிச் சண்டை. அவள் மாடுகளுக்கு மட்டும் காது சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்று கறந்த பாலைத் தெருவில் ஊற்றும்படி ஆனது. மறுநாள் ஷெரின் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் லிங்கேஸ்வரன் முன்னால் நின்றாள். பழைய மூன்று பக்கத்தையும் கையில் வைத்திருந்தாள்.

"சார், அந்தக் கட்டுரையில முடிவு தப்பா வந்திருச்சு. பாட்டுப் போட்டா பால் கூடாது."

"நீங்க யாரு?"

"அத எழுதுனதே நான்தான் சார்."

அவர் கம்ப்யூட்டரில் பார்த்தார். "ஒன்பதாவதா இருக்கீங்க."

"ஆமா சார். ஆனா மாட்டைப் பாத்தது நான் மட்டும்தான்."

"இருக்கலாம். ஆனா நீங்க இப்ப வாயால சொல்றது கருத்து. அச்சுல இருக்கறது அறிவியல். கருத்தை வச்சு நான் அறிவியலை மாத்த முடியாது."

"அந்த அறிவியலே நான் சொன்னதுதான சார்."

"சொல்லும்போது சரியாச் சொல்லியிருக்கணும்மா. அதுவும் போக, சுற்றறிக்கை அனுப்பினதுலருந்து பால் வரத்து கூடியிருக்கு."

"மழை பெஞ்சு புல்லு முளைச்சிருக்கு சார்."

"மழைக்கு நாங்க சுற்றறிக்கை அனுப்பலையே" என்றார் லிங்கேஸ்வரன், ஆதாரத்தோடு பேசுகிறவரின் நிதானத்தோடு. பிறகு இரக்கப்பட்டு, "ஒண்ணு செய்யுங்க. நீங்க சொல்றது உண்மைன்னா அதையும் ஒரு கட்டுரையாப் போட்டுட்டு வாங்க. பரிசீலிக்கப்படும்" என்றார்.

அவள் நவநீதகிருஷ்ணனிடம் போனாள். அந்தக் கட்டுரைக்காகச் சிறந்த ஆய்வாளர் விருது வாங்கியிருந்தார். அடுத்ததாக ஆடுகளுக்கு வீணை என்று திட்டம் எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு திருத்தம் போட்டுறலாம் சார்."

"திருத்தம் போட்டா ஒன்பது பேரு பேரும் கெடும். அதுல உன் பேரும் இருக்கு."

"நான் ஒன்பதாவதுதான சார்."

"கெடுறதுல வரிசை கிடையாதும்மா."

ஆகவே ஷெரின் தனியாக உட்கார்ந்து இரண்டாவது கட்டுரையை எழுதினாள். இந்த முறை முழுவதும் அவளே. மாட்டை மாடு என்று எழுதினாள், பாட்டைப் பாட்டு என்று எழுதினாள், முதல் கட்டுரையில் எது எப்படித் தவறியது என்றும் எழுதினாள். எழுதி முடித்தபோது, ஜுரம் விட்டாற்போல உடம்பு லேசாக இருந்தது.

முதல் இதழ் ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பியது. 'பசுக்களுக்கு இசையால் பால் கூடும் என்பது ஷெரின் முதலானோரால் ஏற்கனவே நிறுவப்பட்ட உண்மை. கட்டுரையாளர் அந்த ஆய்வைக் கவனமாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.'

இரண்டாவது இதழ், 'இதிலுள்ள மாடுகள் ஷெரின் முதலானோர் பயன்படுத்திய மாடுகளை ஒத்துள்ளன. இது கருத்துத் திருட்டு' என்றது.

மூன்றாவதாக அனுப்பிய இதழிலிருந்து இருபது நாள் சத்தமே இல்லை. பிறகு ஒரு மெயில் வந்தது. அவசரமாகத் திறந்தாள். 'மதிப்புக்குரிய டாக்டர் ஷெரின் அவர்களுக்கு. கால்நடை இசைத் துறையின் முன்னோடி அறிஞர் என்ற முறையில், எங்களுக்கு வந்துள்ள கட்டுரை ஒன்றை மதிப்பாய்வு செய்துதர வேண்டுகிறோம். கட்டுரையாளர் யார் என்பது இரகசியமாக வைக்கப்பட்டுள்ளது.' கூடவே இருந்தது அவளுடைய கட்டுரை.

ஷெரின் வினோத்துக்குப் போன் போட்டாள். "அண்ணா, என் கட்டுரைய என்கிட்டயே திருத்தக் குடுத்திருக்காங்க."

"அதிர்ஷ்டக்காரி. 'அருமை'ன்னு போட்டு அனுப்பு."

"தப்பு இல்லையா?"

"எல்லாரும் கூட்டாளிய வச்சு எழுதி வாங்குறாங்க. உனக்கு அந்த அலைச்சலும் மிச்சம்."

அவள் ஒரு பகல் முழுக்க அந்த மெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் போட்டால் போதும், வேலுத்தாயின் பால் தெருவுக்குப் போகாது. ஆனால் முதல் கட்டுரைக்குப் போட்ட கையெழுத்து அவளை இன்னும் அறுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் உள்ளதை எழுதினாள். இது என் சொந்தக் கட்டுரை, இதை நானே மதிப்பிடுவது முறையல்ல, வேறு ஒருவரிடம் கொடுங்கள்.

பதில் உடனே வந்தது. 'தங்கள் மதிப்பாய்வுக்கு நன்றி. முன்னோடி அறிஞரே இக்கட்டுரையை ஏற்க மறுத்துவிட்டபடியால் இது நிராகரிக்கப்படுகிறது.'

அத்தையின் முகத்தில் எப்படி முழிப்பது என்று புழுங்கிக்கொண்டே ஷெரின் வன்னியம்பட்டிக்குப் போனாள். தெருமுனையிலேயே புல்லாங்குழல் கேட்டது. வேலுத்தாயின் தொழுவம் சுண்ணாம்பு அடிக்கப்பட்டு, நாலு மூலையிலும் புது ஸ்பீக்கர்களோடு நின்றது.

"வா தாயி" என்றாள் வேலுத்தாய், வாயெல்லாம் பல்லாக. "பால் இணையத்துல ஸ்பீக்கர் குடுத்துட்டாக. ஐயாதுரை கையெழுத்து இனி வேண்டாமாம், ஸ்பீக்கர் வச்சிருந்தா போதுமாம். அவன் மூஞ்சியப் பாக்கணுமே நீ. பாலும் இப்ப கூடத்தான் வருது."

"அத்தை, அது மழைக்குக் கூடுனது. நாம ரெண்டு பேருந்தான அளந்து பாத்தோம். நீங்கதான கறந்தீக."

"அன்னைக்கு நாம சரியா அளக்கல."

"அத்தை, நான் படிச்சுப் பாத்துச் சொல்லுதேன்."

"ஏட்டி, நீ சின்னப் பிள்ள. ஒம்போது பேரு சேந்து எழுதியிருக்காகளாம், ஜெர்மனிக்காரர் வேற இருக்காராம். அம்புட்டுப் பேரும் பொய்யா சொல்லுவாக. செத்த நேரம் உக்காரு, காப்பி போடுதேன்."

ஷெரின் காப்பியைக் குடித்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஊர்தான் பேசிற்று. கடைத்தெருவில் 'இசைப் பால்' என்று எழுதிய பாக்கெட்டுகள் தொங்கின. வீணையா புல்லாங்குழலா என்று டீக்கடைகளில் இரண்டு கட்சி உண்டானது. நாகரிகமான வீடுகளில் குழந்தைக்கு இசையற்ற பாலைக் கொடுப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அதிகாரிகளையும் அவர்களின் சுற்றறிக்கைகளையும் கேலி செய்தவர்கள்கூட, கேலி செய்துகொண்டே வரிசையில் நின்று வாங்கினார்கள். காசு கொஞ்சம் கூடத்தான், உடம்புக்கு நல்லதாயிற்றே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஜேசுதாசன் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஒரு பால்கோவா டப்பாவோடு வந்தார். டப்பாவின் மேல் ஒரு மாடு கண்ணை மூடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் 'இசைப் பால்கோவா, விஞ்ஞான முறைப்படி நிரூபிக்கப்பட்டது' என்றிருந்தது.

"எம்மா, எம்புட்டுக் கூட்டம். உன் பேரச் சொல்லி, எம்மகதான் கண்டுபிடிச்சான்னு சொன்னேன். முன்னால விட்டுட்டாங்க" என்றார். ஏசம்மாள் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு, "மத்ததெல்லாம் இது கிட்டக்க வர முடியாதுங்க" என்றாள்.

ஷெரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு இவர்கள் இரண்டு பேருக்காவது உண்மையை உட்கார வைத்துச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். சொல்வதற்கு முன்னால், நியாயமாக இருக்கட்டும் என்று ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். நின்றாள். ஒரு தடவை போதாது, எதையும் திரும்பச் செய்து பார்ப்பதுதான் முறை என்று இன்னொரு துண்டை எடுத்தாள். பிறகு இன்னொன்று.

ஜேசுதாசனும் ஏசம்மாளும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷெரின் விரலைத் துடைத்துக்கொண்டு, அப்பாவை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"இதுக்கு என்ன பாட்டுப் போட்டாங்களாம்ப்பா?"